வெட்டிவேர்: கடைக் கட்டிலிருந்து மண்பானை வரை

சித்திரை பிறந்து ஆற்றில் மணல் மட்டும் தெரியத் தொடங்கியதும், கும்பகோணம், தஞ்சாவூர், மயிலாடுதுறை நாட்டு மருந்துக் கடைகளில் வெட்டிவேர் கட்டுக் கட்டாகத் தொங்கும். மேட்டூர் திறந்து தண்ணீர் வந்து சேர இன்னும் இரண்டு மாதம் இருக்கும். அதுவரை மண்பானையும் மோரும் இந்த வேரும்தான் இந்தப் பக்கத்து வீடுகளுக்குப் பழைய துணை. முதல்முறை வாங்குகிறவர்கள் இரண்டு விதமாக இதைக் கெடுக்கிறார்கள். டீத்தூளைப் போல அடுப்பில் போட்டுத் தளதளவென்று கொதிக்கவிடுவது ஒன்று. பானையில் போட்டுவிட்டு வாரக்கணக்கில் எடுக்காமல் மறந்துபோவது இன்னொன்று.

வேரின் வாசனை எண்ணெய் கெட்டியானது, மெதுவாக அசைவது. அதைக் காய்ச்சி வடிக்கிற ஆலைகளிலேயே ஒரு ஈட்டு வேருக்கு ஏறக்குறைய ஒரு நாள் முழுக்க நீராவி விட வேண்டியிருக்கிறது. வீட்டு அடுப்பில் பத்து நிமிடம் கொதித்தால் கசப்பும் வைக்கோல் வாடையும்தான் தண்ணீரில் இறங்கும், மணம் வேரிலேயே தங்கிவிடும். அதனால் சூட்டை நம்பாதீர்கள், நேரம் கொடுங்கள். கீழே வருகிற முறைகளில் பெரும்பாலானவற்றுக்கு அடிப்படை இதுதான்.

ஆயுர்வேதம் இதை எங்கே வைக்கிறது

ஆயுர்வேதத்தில் இதன் பெயர் உசீரம். சுவை கசப்பும் இனிப்பும், வீரியம் குளிர்ச்சி. பித்தம் மிஞ்சி வருகிற எரிச்சல், அடங்காத தாகம், காய்ச்சல் சூடு, அதிக வியர்வை, தோல் சிவப்பு ஆகியவற்றுக்கு இது பேசப்படுகிறது. உடல் எரிச்சலைத் தணிக்கும் பொருள்கள் என்று சரகர் பத்தைச் சேர்த்துச் சொல்லும் கூட்டத்தில் நெற்பொரி, சந்தனம், நன்னாரி, சீந்தில் இவற்றோடு உசீரமும் இருக்கிறது. மேனி நிறத்துக்கான கூட்டத்திலும் அது உண்டு. குளியல் பொடியில் வெட்டிவேர் சேர்க்கிற வழக்கம் இதோடு ஒத்துப்போகிறது.

குளிர்ச்சி என்றால் எல்லாருக்கும், எல்லா நாளும் நல்லது என்று பொருளில்லை. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில், சளி கட்டியிருக்கும்போது, மூச்சிரைப்பு உள்ளவர்களுக்கு இதைத் தினமும் கொடுப்பது முறையில்லை. பங்குனி முதல் ஆடி வரை இதற்கான காலம்.

வாங்கும்போது

மருந்துக்கு வாங்கும் வேர் மெலிந்து, நெளிநெளியாக, வெளிர் பழுப்பாக அல்லது மஞ்சள் கலந்த மண் நிறத்தில் இருக்க வேண்டும். ஒரு இழையை எடுத்து வளைத்துப் பாருங்கள். வளைந்து கொடுத்துவிட்டுப் பிறகு முறிந்தால் நல்ல வேர். தொட்டதும் பொடியாக உதிர்ந்தால் பழையது. கறுத்துப்போய் பூசண நெடி அடித்தால், எத்தனை மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

பெரிய ஏமாற்றம் எண்ணெய் எடுத்த வேரில்தான் நடக்கும். காய்ச்சி வடித்து முடித்த சக்கையை உலர்த்திக் கட்டினால் பார்வைக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது. மாலை கட்டவும் தட்டி பின்னவும் அது போதும், குடிநீருக்கு உதவாது. சிலர் அதன்மேல் சென்ட் தெளித்து விற்பதும் உண்டு. சோதிக்க ஒரு வழி: ஒரு டம்ளர் சுடுதண்ணீரில் ஒரு சிட்டிகை வேரை நறுக்கிப் போட்டு, மூடி பத்து நிமிடம் வைத்துத் திறந்து முகருங்கள். முதல் மழை விழுந்த மண்ணின் வாசம், அதற்குள் லேசான இனிப்பு வந்தால் சரக்கு சரி. வைக்கோல் ஊறிய வாடை மட்டும் வந்தால் அது சக்கை. மூக்கில் ஏறுகிற சோப்பு வாசனை வந்து, தண்ணீரை மாற்றியதும் காணாமல் போனால் சென்ட்.

பெயரிலும் குழப்பம் உண்டு. விலாமிச்சை வேர் வேறு, வெட்டிவேர் வேறு. வெட்டிவேர் ஒரு புல்லின் வேர். விலாமிச்சை துளசி, கற்பூரவல்லி குடும்பத்தைச் சேர்ந்த சிறு செடியின் வேர். முடியைப் போல மெல்லியதாக, மென்மையாக இருக்கும். குறுவேர், இருவேலி என்றும் அதைச் சொல்வார்கள். ஆயுர்வேதத்தில் இரண்டுக்கும் தனித்தனிப் பெயர், ஒரே மருந்தில் இரண்டும் சேர்வதும் உண்டு. ஆகவே ஒன்று இல்லையென்றால் இன்னொன்றைக் கொடுங்கள் என்று கடையில் கேட்காதீர்கள். நன்னாரி முற்றிலும் வேறு. அதன் நடுவில் கட்டையான தண்டு இருக்கும், தட்டி எடுத்துவிட்டு மேல்பட்டையைப் பயன்படுத்துவோம். வெட்டிவேரில் அப்படிப் பிரிக்க எதுவுமில்லை.

வேர் எங்கே விளைந்தது என்று கேட்டு வாங்குவதும் அவசியம். வெட்டிவேர்ப் புல் கழிவு நீரிலிருந்தும் கெட்ட மண்ணிலிருந்தும் ஈயம் போன்ற உலோகங்களை உறிஞ்சி வேரில் வைத்துக்கொள்ளும். அந்தக் குணத்துக்காகவே சாக்கடை நீரைச் சுத்தம் செய்ய அதை நடுகிறார்கள். அப்படிப்பட்ட இடத்தில் தோண்டிய வேர் குடிக்கவும் பூசவும் ஆகாது.

ஒரு கோடைக்கு நாலைந்து பேர் உள்ள வீட்டுக்கு 200 கிராம் தாராளம். கடையிலேயே 10 கிராமைத் தனியாக நிறுக்கச் சொல்லி, அது உங்கள் கையில் எவ்வளவு என்று பார்த்துக்கொள்ளுங்கள். காய்ந்த வேர் பஞ்சு மாதிரி இலேசு. கண்மதிப்பில் எடுத்தால் மூன்று மடங்கு வித்தியாசம் வரும்.

கழுவி உலர்த்துதல்

அகலமான பாத்திரத்தில் வேரைப் பத்து நிமிடம் ஊறவிடுங்கள். முதல் தண்ணீர் கலங்கி, அடியில் விரலால் அள்ளும் அளவு மணல் தங்கும். வேரை மேலாக அள்ளி வேறு பாத்திரத்துக்கு மாற்றுங்கள். பாத்திரத்தை அப்படியே கவிழ்த்து வடித்தால் மணல் மறுபடி வேருக்குள்ளேயே போய்விடும். மூன்று, நான்கு தண்ணீர் மாற்றியதும் தெளியும். இழைகள் சேருகிற கொத்துப் பகுதியில்தான் களிமண் ஒளிந்திருக்கும், அதைக் கத்தரித்து எறிவது நல்லது. சோப்பு, சோடா எதுவும் வேண்டாம்.

கட்டிலில் வெள்ளைத் துணி விரித்து நிழலில், காற்றோட்டத்தில் பரப்புங்கள். கோடையில் இரண்டு நாள் போதும். மழை நாளில் மின்விசிறியின் கீழ் நான்கைந்து நாள் ஆகும். நேர் வெயில் வேண்டாம். காய்ந்ததைத் துணிப்பையில் போட்டு எவர்சில்வர் டப்பாவில் வையுங்கள். பாலித்தீன் பையில் கட்டினால் மிச்ச ஈரம் வியர்த்துப் பூசணம் பிடிக்கும். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கத்துக் கடற்காற்றில் இது இன்னும் சீக்கிரம் நடக்கும்.

மண்பானைத் தண்ணீர்

புதுப் பானையானால் முதலில் பழக்க வேண்டும். தண்ணீர் நிரப்பி ஒரு நாள் வைத்துக் கொட்டுங்கள். மூன்று நாள் இப்படிச் செய்தால் மண் வாடையும் சாம்பலும் போகும். பானையை வைக்கிற இடத்தில் நான்கு விரல் உயரத்துக்கு ஆற்று மணல் கொட்டி, மணலை ஈரமாக வைத்திருங்கள்.

10 லிட்டர் பானைக்கு 10 முதல் 15 கிராம் வேர். மெல்லிய மல் துணியில் தளர்வாக முடிந்து போடுங்கள். இறுக்கிக் கட்டினால் நடுவில் இருக்கிற வேர் நனையவே நனையாது. தண்ணீர் காய்ச்சி ஆறியதாக இருக்கட்டும். குழாய்த் தண்ணீரில் குளோரின் நெடி இருந்தால் அது வேரின் வாசனையை அமுக்கிவிடும். காய்ச்சும்போதே மூடாமல் காய்ச்சினால் நெடி போய்விடும். கலங்கல் தண்ணீரானால் பானையின் உட்புறம் தேத்தாங்கொட்டையை உரைத்துத் தெளியவைப்பது இந்தப் பக்கத்துப் பழைய பழக்கம். தெளிந்தாலும் காய்ச்சுவதை விட்டுவிடக் கூடாது.

இரவு படுக்கப் போகும்முன் போட்டால் காலையில் குடிக்கத் தயார். நிறம் ஏறக்குறைய மாறாது, வாசனைதான் அடையாளம். பகலில் தண்ணீர் தீர்ந்ததும் முடிச்சை எடுத்துப் பிழிந்து நிழலில் தொங்கவிடுங்கள். மறுநாள் புதுத் தண்ணீரில் அதே முடிச்சைப் போடலாம். மூன்று, நான்கு முறை வரை வாசனை வரும். முடிச்சை வெளியே எடுக்காமல் தண்ணீரை மட்டும் மேலே மேலே ஊற்றிக்கொண்டே இருந்தால், மூன்றாம் நாள் வேரைத் தொட்டால் வழுவழுக்கும், தண்ணீரில் புளித்த வாடை லேசாக எழும். நுண்ணுயிர் படர்ந்துவிட்டதன் அறிகுறி அது. அப்போது தண்ணீரைக் கொட்டி, வேரை எறிந்து, பானையைத் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவி ஒரு நாள் வெயிலில் காயவைக்க வேண்டும். வேரை மட்டும் மாற்றினால் தீராது, பானையின் துளைகளிலும் அது ஏறியிருக்கும்.

பானை குளிர்வது அதன் உடம்பில் கசிகிற நீர் ஆவியாவதால். திருச்சி, தஞ்சாவூர் பக்கத்து வறண்ட வெயிலில் நன்றாகக் குளிரும். கடலோரத்தில் காற்றிலேயே ஈரம் இருப்பதால் அந்த அளவு குளிராது. பானை மோசம் என்று நினைத்து மாற்றிக்கொண்டே இருக்க வேண்டாம், காற்று வருகிற நடையில் வைத்தாலே வித்தியாசம் தெரியும். தண்ணீர்ப் பந்தல் வைக்கிறவர்கள் 50 லிட்டருக்கு 50 கிராம் என்று கணக்கு வைத்து, இரண்டு முடிச்சை மாற்றி மாற்றிப் போடுவது நல்லது. ஒன்று ஊறும்போது மற்றது காயும்.

இரவு ஊறல்

மருந்தாகக் கொடுக்கும்போது ஆயுர்வேதம் சொல்லும் முறை ஹிமம், அதாவது குளிர்ந்த ஊறல். ஒரு பங்கு சரக்குக்கு ஆறு பங்கு தண்ணீர், இரவெல்லாம் ஊறவைத்துக் காலையில் வடிப்பது. 10 கிராமுக்கு 60 மில்லி. இங்கே புதியவர்கள் தடுமாறுவார்கள். முழு வேரைப் போட்டால் அந்தத் தண்ணீர் முழுவதையும் வேரே குடித்துவிட்டு, காலையில் இரண்டு கரண்டிகூடத் தேறாது. அரை அங்குலத் துண்டாக நறுக்கி, உரலில் ஒன்றிரண்டாக இடித்துப் போடுங்கள். மண் சட்டியில் மூடி வைத்து, காலையில் துணியில் கட்டிப் பிழிந்தால் பாதிக்குச் சற்றுக் கூடுதலாகக் கிடைக்கும். கொஞ்சம் பனங்கற்கண்டு சேர்த்து வெறும் வயிற்றில். இதை அன்றன்றைக்கே செய்ய வேண்டும், மதியத்துக்கு மேல் வைக்கக் கூடாது.

கண் எரிச்சல், உள்ளங்கை உள்ளங்கால் எரிச்சல், கோடையில் வருகிற நீர்க்கடுப்பு இவற்றுக்கு இதைக் கொடுப்பார்கள். நீர்க்கடுப்போடு காய்ச்சல், குளிர் நடுக்கம், இடுப்பு வலி, சிறுநீரில் இரத்தம் எது இருந்தாலும் அது வெறும் சூடு இல்லை, மருத்துவரிடம் போய்ச் சிறுநீர்ப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். தண்ணீரை அளந்து குடிக்கச் சொல்லியிருக்கும் சிறுநீரக நோயாளிகள், கர்ப்பிணிகள், தொடர்ந்து மாத்திரை சாப்பிடுகிறவர்கள் வைத்தியரைக் கேட்காமல் இதைத் தொடங்க வேண்டாம்.

காய்ச்சல் தாகத்துக்கு ஷடங்க பானீயம்

அடுப்பில் வைக்கிற ஒரே பழைய முறையாக இதைச் சொல்கிறோம். கோரைக்கிழங்கு, பற்பாடகம், வெட்டிவேர், சந்தனம், குறுவேர், சுக்கு ஆகிய ஆறும் சம அளவு. கிழங்குக்கும் சுக்குக்கும் கொதி வேண்டும், அதனால் இது மட்டும் காய்ச்சப்படுகிறது. ஒவ்வொன்றும் 2 கிராம், மொத்தம் 12 கிராம் இடித்து, ஏறக்குறைய 750 மில்லி தண்ணீரில் போட்டு, சிறு தீயில் பாதியாக வற்றவைத்து வடியுங்கள். ஆறியபின் நாள் முழுக்க வாய் வாயாகக் குடிக்க வேண்டும், ஒரே மூச்சில் குடிக்கிற கஷாயம் இல்லை.

பற்பாடகம் என்று தமிழ்நாட்டில் கொடுப்பது மணற்பாங்கில் படர்கிற சிறு செடி. வடக்கே அதே சமஸ்கிருதப் பெயரில் வேறு செடியைக் கொடுப்பார்கள். வேறு ஊரிலிருந்து வரவழைத்தால் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள். சந்தனத்துக்குக் கட்டையைச் சீவிய சிராய் வேண்டும். பூஜைக்கு விற்கிற வாசனைச் சந்தனப் பொடியை ஒருபோதும் உள்ளுக்குக் கொடுக்காதீர்கள்.

டெல்டாவில் மழைக்காலக் காய்ச்சல் என்றால் டெங்குவை நினைவில் வைத்தே ஆக வேண்டும். இந்த நீர் தாகத்துக்குத் துணை, காய்ச்சலுக்கான சிகிச்சைக்கு மாற்று இல்லை. இரண்டு நாளில் இறங்காவிட்டால் இரத்தப் பரிசோதனை. வயிற்று வலி, தொடர் வாந்தி, ஈறில் இரத்தம், குழந்தை சோர்ந்து படுப்பது இவற்றில் எது தெரிந்தாலும் அன்றே ஆஸ்பத்திரி.

சர்பத்

கடையில் பச்சைப் பசேல் என்று இருப்பது சாயத்தின் நிறம். வீட்டில் செய்தால் வெளிர் தேன் நிறம்தான் வரும்.

750 மில்லி தண்ணீரைக் கொதிக்கவைத்து அடுப்பை அணைத்துவிட்டு, நறுக்கிய வேர் 50 கிராமைப் போட்டு மூடுங்கள். இரவு முழுக்க இருக்கட்டும். வடித்துப் பிழிந்தால் 500 மில்லி அளவுக்குக் கிடைக்கும். குறைந்தால் தண்ணீர் சேர்த்துச் சரிக்கட்டுங்கள். ஒரு கிலோ சர்க்கரை போட்டு, கரைந்து ஒரு கொதி வந்ததும் அழுக்கை எடுத்து, ஒரு எலுமிச்சம்பழச் சாற்றை விட்டு இறக்குங்கள். எலுமிச்சை விடாவிட்டால் சில நாளில் பாட்டில் அடியில் கற்கண்டு மாதிரிக் கட்டிவிடும். சர்க்கரையைக் குறைத்தால் ஒரு வாரத்தில் புளித்து நுரைக்கும், ஏனென்றால் கெடாமல் காப்பதே அந்த இனிப்புதான். குறைந்த இனிப்பு வேண்டுமானால் கொஞ்சமாகச் செய்து இரண்டு நாளில் தீர்த்துவிடுங்கள். காய்ந்த கண்ணாடிப் பாட்டிலில், ஃப்ரிட்ஜில் மூன்று வாரம் நிற்கும். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குப் பானைத் தண்ணீரே நல்லது.

குளியல் பொடி

பச்சைப்பயறு 500 கிராம், வெட்டிவேர் 100, பூலாங்கிழங்கு 100, காய்ந்த ஆவாரம்பூ 50, கஸ்தூரி மஞ்சள் 50, கார்போக அரிசி 25. ஆண்கள் போடுவதானால் மஞ்சளை விட்டுவிடலாம்.

பொடியில் தொல்லை தருவது வெட்டிவேரின் நார். நீளமாகக் கொடுத்தால் அரவை இயந்திரத்தில் சுற்றிக்கொள்ளும், மில்காரர் திருப்பிக் கொடுத்துவிடுவார். கத்தரியால் ஒரு சென்டிமீட்டர் துண்டுகளாக வெட்டுங்கள். இதற்கு மட்டும் ஒரு மணி நேரம் இளவெயிலில் வைக்கலாம். கையில் கசக்கினால் மொறுமொறுக்க வேண்டும். பயறோடு கலந்து கொடுத்தால் பயறு தள்ளிக்கொண்டு போகும். மிளகாய் அரைத்த கையோடு உங்கள் பொடியைப் போட்டுவிடாமல் முன்கூட்டியே சொல்லிவைத்து, அரிசியோ கோதுமையோ அரைத்தபிறகு கொடுங்கள். மிளகாய்த்தூள் ஒட்டிய பொடியைக் குழந்தை முகத்தில் பூசினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

அரைத்து வந்த சூட்டோடு டப்பாவில் அடைக்காதீர்கள். உள்ளே ஆவி வியர்த்துக் கட்டி பிடிக்கும், பத்து நாளில் வண்டு வரும். தாளில் பரப்பி நன்றாக ஆறவிட்டு, இரண்டு முறை சலியுங்கள். சல்லடையில் நிற்கிற நாரை எறிய வேண்டாம், துணியில் முடிந்து குளிக்கிற வெந்நீரில் போடலாம். வேர்க்குருவுக்குப் பன்னீரில் குழைத்து மெலிதாகப் பூசிப் பத்து நிமிடத்தில் கழுவ வேண்டும். கெட்டியாக அப்பிக் காயவிட்டால் வியர்வைத் துளை இன்னும் அடைபடும். முதல்முறை முழங்கையின் உட்புறம் கொஞ்சம் பூசி ஒரு நாள் பார்த்துவிட்டுத் தொடருங்கள்.

தலைக்கு எண்ணெய் வேண்டுமானால் அரை லிட்டர் தேங்காய் எண்ணெயில் 25 கிராம் நறுக்கிய வேர். எண்ணெயைக் கை பொறுக்கும் சூட்டுக்கு மேல் ஏற்றாமல் வேரைப் போட்டு, மூடி ஒரு வாரம் வைத்து வடியுங்கள். வேரில் ஈரம் துளி இருந்தாலும் எண்ணெய் காறிப்போகும். கடையில் சிறு குப்பியில் விற்கிற வடித்த வெட்டிவேர் எண்ணெய் மிகவும் செறிவானது. அதை உள்ளுக்குச் சாப்பிடவோ அப்படியே தோலில் தடவவோ கூடாது.

ஜன்னல் தட்டிக்கு வாசனை குறைந்த பழைய வேர் போதும். காற்று உள்ளே வருகிற பக்கம் மட்டும் கட்டி நனையுங்கள், எதிர்ப் பக்கம் திறந்திருக்கட்டும். எல்லா ஜன்னலையும் மூடினால் அறை புழுங்கும். இரவில் உலரவிடாவிட்டால் பூசணம் வரும்.

வீட்டிலேயே வளர்க்க

தென்னாட்டு வெட்டிவேரில் பெரும்பாலும் முளைக்கிற விதை கிடைக்காது, தூரைப் பிரித்துத்தான் நட வேண்டும். டெல்டாவின் கனத்த களியில் புல் செழிக்கும், வேரை மட்டும் எடுக்க முடியாது. மண்வெட்டி போட்டால் பாதி வேர் அறுந்து உள்ளேயே நின்றுவிடும். வாய்க்கால் கரை, ஆற்றுக் கரையில் மண் அரிக்காமல் நட்டிருப்பதைத் தோண்டுவது கூடவே கூடாது, அடுத்த வெள்ளத்தில் கரை உடையும்.

எளிய வழி சாக்கு. இரண்டு அடிக்குக் குறையாத உயரமுள்ள சாக்கில் மணல் இரண்டு பங்கு, வயல் மண் ஒரு பங்கு, மக்கிய எரு ஒரு பங்கு. அடியில் துளை போட்டுச் செங்கல் மேல் நிறுத்துங்கள். தண்ணீர் தேங்கினால் புல் சாகாது, வேர் நீளாது. ஆடிப்பெருக்கை ஒட்டி மூன்று தூர் நட்டால், மழையைக் குடித்துப் பிடித்துக்கொள்ளும். ஆண்டில் இரண்டு முறை ஓரடி விட்டு மேல் புல்லை அறுங்கள். 12 மாதத்துக்கு முன் எடுத்தால் வேர் மெலிந்து, வாசனை குறைவாக இருக்கும், 14 முதல் 18 மாதத்தில் எடுப்பது நல்லது. நட்ட அடுத்த ஆண்டு ஆடி, ஆவணியில் அவசரப்படாமல், மழை முடிந்து தை வரை விட்டுவிட்டால் காலம் சரியாக வரும், வேர் உலரவும் வெயில் தோதாக இருக்கும்.

எடுக்கும்போது சாக்கைப் பக்கவாட்டில் கத்தியால் கிழித்து, குழாய்த் தண்ணீரைப் பீய்ச்சி மணலைக் கரைத்தால் வேர் முழுதாகக் கிடைக்கும். தூருக்கு அடியில் மூன்று விரற்கடை விட்டு வேரை வெட்டிக்கொண்டு, இலையை ஒரு சாணாகக் குறைத்து, அந்தத் தூரை அன்று மாலையே புதுச் சாக்கில் நட்டுவிடுங்கள். மறுநாளைக்கு வைப்பதானால் ஈரச் சாக்கில் சுற்றி நிழலில் வையுங்கள்.